காட்டூர்ப் பனை: உயரம் 23 சென்டிமீட்டர்!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே போயிருக்கிறீர்களா? எண்ணூரைத் தாண்டிவிட்டால் மரங்களின் ஆஜர் பட்டியல் மாதிரி இருக்கும். அத்திப்பட்டுக்குள் ஓர் அத்தி இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிக் கிழக்கே போனால் காட்டுப்பள்ளி, காட்டூர். வடக்கே திருப்பாலைவனம், அதாவது பாலை மரங்கள் நின்ற வனம். கடைசியில் பழவேற்காடு. வேல மரக் காடு என்று சிலர் பொருள் சொல்கிறார்கள், வேர்க்காடு என்று சிலர். எப்படிப் பிரித்தாலும் 'காடு' மட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

அந்த மரங்களைப் பார்க்கத்தான் நானும் என் அக்கா மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பையில் இருந்தவை டேப், நோட்டு, தண்ணீர் பாட்டில். வேலை: மரங்களை அளந்து வருவது. பிறகு வீட்டில் உட்கார்ந்து, அவற்றை 87இல் ஒரு பங்காகச் செய்வது.

விஷயம் இதுதான். அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பெரம்பூரில் அவர்கள் வீட்டு மாடி அறையில் ஆறடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை ஒன்று கிடக்கிறது. அதன் மேல் எண்ணூர் - மீஞ்சூர் ரயில் பாதை. தண்டவாளம், பிளாட்பாரம், மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து, டிக்கெட் கவுன்டர், டீக்கடை எல்லாம் முடிந்துவிட்டன. மரம்தான் பாக்கி. ஆன்லைனில் ஒரு பாக்கெட் மரம் வாங்கினான். அத்தனையும் கூம்பு கூம்பாக, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இருந்து இறங்கி வந்தவை போல இருந்தன. நாலைந்தை நட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"மாமா, இது மீஞ்சூர் மாதிரியே இல்ல. சுவிட்சர்லாந்துல யாரோ மீஞ்சூர்னு போர்டு எழுதி வச்சிட்டாங்க."

ஒரே வரியில் மொத்தப் பிரச்னையையும் சொல்லிவிட்டான். போர்டைப் பிடுங்கிவிட்டாலும் ஊர் தெரிய வேண்டும். தெரியவைப்பது மரம்.

கொலுப் பூங்காவின் தம்பி

மாதிரி ரயில் என்றதும் ஏதோ வெள்ளைக்காரப் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குக் கீழே 'பார்க்' வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விளையாட்டுதான். கேழ்வரகும் கடுகும் முளைக்கவைத்துப் புல்தரை, முகம் பார்க்கும் கண்ணாடி குளம், சாயம் போட்ட மரத்தூள் பாதை, நடுவில் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். அந்தப் பார்க்குக்கு அளவு கணக்கு கிடையாது. செட்டியார் பொம்மை ரயிலைவிடப் பெரிதாக இருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். மாதிரி ரயிலில் அளவுதான் உயிர். உலகம் முழுக்க அதிகம் புழங்கும் அளவு ஹெச்.ஓ. எனப்படும் 1:87.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்ட் அந்த அளவில்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் புனே போகலாம். பி.எஸ். ஜோஷி என்பவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த ஆசை, 1998இல் அங்கே குட்டி ரயில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சென்னைக்காரர்களுக்கு ஐ.சி.எஃப். பக்கத்திலேயே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

எங்கள் பலகையின் ஆறடி, அசல் கணக்கில் 160 மீட்டர். ஒன்பது பெட்டி லோக்கல் முழுசாக நிற்காது; மூன்று பெட்டியோடு சமாளிக்கிறோம். தண்டவாள அகலமும் இடிக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. வெளிநாட்டுப் பாதைக்குச் செய்தது. வீட்டுக்கு வந்த ஒருவர்கூட இதைக் கண்டுபிடிக்கவில்லை. கூம்பு மரங்களைப் பார்த்ததும் மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். மனிதக் கண்ணுக்கு ரயில் கணக்கு தெரியாது, மரக் கணக்கு தெரியும்.

பன்னிரண்டரைப் பையன் உயரம்

சென்ட்ரலில் இருந்து மீஞ்சூர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம். அந்த ஒரு நிமிடம் தூங்காதீர்கள். இரு பக்கமும் கழிமுகம், சேற்றில் குட்டை குட்டையாகக் கண்டல் செடிகள், தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அங்கிருந்து கை கோத்துக்கொண்டு வரும் மின் கோபுரங்கள். பையன் ஜன்னல் கம்பியில் போனை ஒட்டி வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே வந்தான்.

மீஞ்சூரில் இறங்கிக் கிழக்கே காட்டூர். முதலில் வயல், அப்புறம் ஏரிக்கரை, அப்புறம் மண் நிறம் மாறி உவர். செருப்பில் ஒட்டும் சேறு சாம்பல் நிறமாகும்போது பழவேற்காடு ஏரியின் உப்பங்கழிப் பக்கம் வந்துவிட்டோம் என்று அர்த்தம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நமக்கு வாய்த்தது தெற்கு ஓரம்.

முதல் பனையின் அடியில் பையனை நிற்கவைத்து, நான் நாற்பது ஐம்பது அடி பின்னால் போய்ப் போட்டோ எடுத்தேன். உயரம் அளக்க இதைவிட எளிய வழி கிடையாது. போட்டோவில் பையன் எவ்வளவு, மரம் அதைப் போல எத்தனை மடங்கு என்று பென்சிலை வைத்து எண்ணினால் போதும். பன்னிரண்டரைப் பையன் வந்தது. அவன் உயரம் 1.6 மீட்டர். ஆக, பனை 20 மீட்டர். 87ஆல் வகுத்தால் 23 சென்டிமீட்டர்.

இந்த எண்ணைப் பார்த்து இருவரும் அசந்துபோனோம். எங்கள் ரயில் பெட்டி ஒன்றின் நீளம் 24 சென்டிமீட்டர். அதாவது ஒரு பனையைப் படுக்கவைத்தால் ஒரு ரயில் பெட்டி! பெட்டியின் உயரமோ ஐந்து சென்டிமீட்டருக்கும் கீழே. பாக்கெட்டில் வந்த மரங்கள் எட்டு, பத்து சென்டிமீட்டர்தான் இருந்தன. கடையில் விற்கும் மாதிரி மரங்கள் பெரும்பாலும் இப்படித்தான். அசல் அளவில் செய்தால் ரயில் சின்னதாகத் தெரியும் என்று மரத்தைக் குட்டையாக்கிவிடுகிறார்கள். ரயில் சின்னதாகத்தான் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. பனைக் கூட்டத்துக்குக் கீழே லோக்கல் ரயில் ஊர்ந்து போவதைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

நோட்டில் எழுதியவற்றில் இன்னும் சில. பனையின் அடிமரம் வேரோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கிறது. தூண் மாதிரி நேராக இறங்கவில்லை. ஓலை விசிறியின் அகலம் ஒரு மீட்டருக்கு மேல். மாதிரியில் 14 மி.மீ. பச்சை ஓலைகள் உருண்டையாக நிற்க, கீழே ஏழெட்டுக் காவோலைகள் கழுத்தில் கட்டிய துண்டு மாதிரி தொங்குகின்றன. நடுவில் குருத்து மட்டும் ஈட்டி போல. மரத்தின் நிறம் கறுப்பு கலந்த சாம்பல். சின்ன வயதில் நாமெல்லாம் ட்ராயிங் நோட்டில் மரத்துக்குப் பிரவுன் கலர் அடித்தோமே, அந்தப் பிரவுனைக் காட்டூரில் ஒரு மரத்தில்கூடக் காணோம்.

கரையோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் டேப்போடு யார் வந்தாலும் அந்தச் சந்தேகம் வரும். துறைமுகமும் மின் நிலையமும் எழும்பிய ஊர்கள் அவை. பையன் பலகையின் போட்டோவைக் காட்டி விளக்கினான். பெரியவர் போனை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"சவுக்கு வச்சிருக்கியே தம்பி, இது எந்தக் காத்துல வளர்ந்தது?"

"காத்தா, தாத்தா?"

"அங்க பாரு. எல்லாம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

பார்த்தோம். கரையோர மரங்கள் எல்லாமே கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே தலை சாய்த்து நின்றன. கடல் காற்றில் வரும் உப்பு, கிழக்குப் பக்கத்துக் கொழுந்துகளைக் கருக்கிவிடுகிறது. மேற்குப் பக்கம் மட்டும் வளர்கிறது. கத்தரி பிடித்துச் சரிவாக வெட்டியது போல மரத்தின் தலை ஆகிவிடுகிறது. ஊருக்குள் போகப் போகச் சாய்வு குறைந்து மரம் நிமிர்கிறது. எங்கள் பலகையில் கடல் எந்தப் பக்கம் என்பதை இனி மரமே சொல்லும். இந்த ஒரு வரிக்காகவே அவருக்கு ஒரு மாதிரி ரயில் வாங்கித் தரலாம்.

பிறகு அவர் போனில் ஓர் இடத்தை விரலால் தொட்டார். "இந்தக் கரை மேல மூணு பனை இருந்திச்சு. அதப் பாத்துத்தான் தோணியத் திருப்புவோம். இப்ப இல்ல. நீ வப்பியா?"

பையன் என்னைப் பார்த்தான். "பாக்கறேன் தாத்தா" என்றான்.

"ஆணா, பொண்ணா?"

பனையின் ஓலையை எதில் செய்வது? காகிதத்தில் வெட்டினால் காகிதமாகத்தான் இருக்கிறது. அதனால் மீஞ்சூர் திரும்பி, பொன்னேரி வந்து, பழவேற்காடு பஸ் பிடித்தோம். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சமும், மண்டை ஓடு செதுக்கிய கல்லறைத் தோட்டமும் பார்க்கத்தான் அந்த ஊருக்குப் பலர் போகிறார்கள். நாங்கள் போனது பனை ஓலைப் பெட்டி முடையும் பெண்களைத் தேடி. பழவேற்காட்டின் ஓலை வேலை பெயர் பெற்றது. மூடி போட்ட சின்னச் சிமிழ் முதல் சீர்வரிசைக் கூடை வரை முடைகிறார்கள். ஓலையை நூல் மாதிரி கிழிப்பதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்த ஒரு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"பனைன்னா ஆணா, பொண்ணா கண்ணு?"

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறான். ஆனால் மாதிரி மரத்துக்கும் அது உண்டு என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் பனையில் நுங்குக் குலை தொங்கும். ஆண் பனையில் காய் கிடையாது. விரல் விரலாக அலகு நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தோப்பில் இரண்டும் கலந்துதான் நிற்கும்.

அவர் ஒரு குருத்தோலைத் துண்டை எடுத்தார். ஈரத் துணியில் ஒரு நிமிடம் சுற்றி வைத்தார். 6 மி.மீ. அகலம், 2 சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கினார். பிறகு ஊசி முனையால் ஒரு பாதியை மட்டும் கீறிக் கீறிப் பிளந்தார். ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால், ஊசி தானாக வழி கண்டுபிடித்துப் போயிற்று. மறு பாதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, பிளந்த பாதியை விரித்தார்.

விசிறி! நகத்தளவுப் பனை ஓலை, அசல் பனை ஓலையில்.

"ஈரமா இருக்கறப்ப விரிச்சிடணும். காஞ்சா உடஞ்சிடும்" என்றார். ஒரு கட்டுக் குருத்தோலையும், பாதியில் விட்டிருந்த காய்ந்த ஓலை கொஞ்சமும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நாங்கள் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டோம். ஒன்று இப்போது தண்டவாள ஆணிகள் வைக்க உதவுகிறது.

மாடி அறைத் தோப்பு

பனைக்கு வருகிறேன். தண்டுக்கு 4 மி.மீ. மூங்கில் குச்சி. அதன் மேல் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றினால் பனையின் வளையங்கள் கிடைத்துவிடும். அடியில் நூலை நாலு சுற்று கூடுதலாகச் சுற்றிப் புடைப்பு வரவழைக்க வேண்டும். மேலே பெவிகாலில் சலித்த சாம்பலைக் குழைத்துத் தடவிக் காயவிட்டு, கறுப்பில் கொஞ்சம் வெள்ளை கலந்த பெயின்ட். ஓலைக்காம்புக்கு மெல்லிய செம்புக் கம்பி. ஒரு மரத்துக்கு முப்பது ஓலை. பச்சை ஓலைகளுக்கு மட்டும் வண்ணம். காவோலைகளுக்கு எதுவும் வேண்டாம். காய்ந்த ஓலை, காய்ந்த ஓலையாகவே நடிக்கிறது.

நுங்குக் குலைக்குக் கடுகு. வேடிக்கை இல்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். பனங்காயின் குறுக்களவு 15 முதல் 20 சென்டிமீட்டர். 87ஆல் வகுத்தால் 2 மி.மீ.; கறுத்த நிறம். அஞ்சறைப்பெட்டியில் தயாராக இருக்கிறது. ஆண் பனையின் அலகுக்குப் பழைய டூத்பிரஷ்ஷின் மயிர். அதே பிரஷ் கண்டலுக்கும் உதவுகிறது. கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆணி போல மேலே குத்தி நிற்கும் மூச்சுவேர்களை மயிரை வெட்டி நட்டே காட்டிவிடலாம். ஒரு செடிக்கு ஐம்பதாவது வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் வெள்ளம் வந்த நாளாகக் காட்டி மூழ்கடித்துவிடலாம்.

சவுக்கு செய்ய, பால் பாட்டில் கழுவும் பிரஷ் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். இரண்டு கம்பிக்கு நடுவே நாரைப் பரப்பி முறுக்கியிருப்பார்கள். அதேதான். தேங்காய் நாரை நன்றாகப் பிரித்து, இரண்டு கம்பிக்கு நடுவே மெல்லியதாகப் பரப்பி, ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி முறுக்கினால் சவுக்கின் உருவம் கைக்கு வந்துவிடும். கத்தரிக்கோலால் மேலே குறுக வெட்டுங்கள். கிழக்குப் பக்கம் இன்னும் ஒட்ட வெட்டுங்கள். பெரியவர் சொன்ன காற்று அங்கேதான் அடிக்கிறது. பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளை டீ வடிகட்டியில் சலித்து, பெவிகால் கரைத்த தண்ணீரைத் தெளித்த மேல் தூவுங்கள். ரொம்பத் தூவாதீர்கள். சவுக்கின் அழகே அதன் வழியாக வானம் தெரிவதில் இருக்கிறது. பச்சையில் கொஞ்சம் சாம்பல் நிறம் கலக்காவிட்டால் பிளாஸ்டிக் பூந்தொட்டி ஆகிவிடும். 12 மீட்டர் மரத்துக்கு 14 சென்டிமீட்டர்.

வேம்பு, புளி போன்ற அடர்ந்த மரங்களுக்குப் பழைய மெத்தை ஸ்பாஞ்சைப் பெயின்டில் நனைத்து, காயவைத்து, மிக்ஸியில் அரைத்தால் இலைக்கொத்து. பழைய ஜார் இருந்தால் மட்டும். எங்கள் வீட்டில் அது சம்பந்தமாக அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது.

சீமைக்கருவேலத்துக்குக் காய்ந்த துளசிச் செடி. விதை உதிர்ந்த துளசியின் கிளைகள் மெல்லியதாகப் பிரிந்து பிரிந்து போகும். நாலைந்து தண்டுகளை அடியில் சேர்த்துக் கட்டி, குடை போல வளைத்தால், தரையிலிருந்தே பல கிளையாக எழும் சீமைக்கருவேலம் அப்படியே வந்துவிடும். ஐந்து மீட்டர் மரம், ஆறு சென்டிமீட்டருக்குள். வெளிநாட்டு மாதிரி ரயில்காரர்கள் இதே வேலைக்கு 'கடல் நுரை' என்ற பெயரில் ஒரு காய்ந்த செடியைப் பெட்டி பெட்டியாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். பெயர்தான் கடல்; செடி தரையில் முளைப்பது. நமக்குத் துளசி மாடத்தில் இலவசம். இயற்கைப் பொருள் எதையும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே பலகையில் வையுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் தோப்பில் பூசணம் பூக்கும்.

எந்த வருஷத்து மரம்?

சீமைக்கருவேலம் செய்துகொண்டிருந்தபோதுதான் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "இத வைக்கணுமா மாமா? நல்லா இருக்காதே."

நியாயமான கேள்வி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மரம் அது. யாருக்கும் பிடிக்காது. ஆனால் ரயிலில் போனால் பாதைக்கு இருபுறமும் அதுதான் கூடவே ஓடி வருகிறது. அதை விட்டுவிட்டு வேப்ப மரமாக நட்டால், படம் அழகாக இருக்கும், ஊர் இருக்காது.

சவுக்கு மட்டும் இங்கேயே பிறந்ததா? அதன் தாய் நிலம் ஆஸ்திரேலியாவும் தென்கிழக்காசியாவும். 19ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு விறகு தேவைப்பட்டது. நீராவி ரயில்களுக்கும் விறகு தேவைப்பட்டது. இந்தக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகியதில் ரயிலுக்கும் பங்கு உண்டு. இன்று நம் கண்ணுக்குச் சவுக்கு இல்லாமல் கடற்கரையே இல்லை. பிடித்துப்போக இன்னும் நூறு வருடம் சீமைக்கருவேலத்துக்கும் கொடுத்துப் பார்க்கலாமோ என்னவோ. எனக்கு நம்பிக்கை இல்லை.

இவர்களில் பூர்வகுடி பனைதான். 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது.

ஆக, மரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் வருடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆகாயத்தில் புகைபோக்கி இருந்தால் ஒரு காலம், இல்லாவிட்டால் இன்னொரு காலம். மூன்று பனைகள் நின்றால் பெரியவரின் காலம். அவற்றோடு மின் கோபுரத்தையும் சேர்த்து வைத்தால் எந்தக் காலமும் இல்லை. அது வெறும் கலவை. இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. வாக்குக் கொடுக்காவிட்டாலும் "பாக்கறேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மூன்று நாள் விவாதம் நடந்தது. புகைபோக்கியை எடுத்துவிட்டு முப்பது நாற்பது வருடம் பின்னால் போகலாம் என்பது அவன் யோசனை. அப்படியானால் அவன் தினமும் ஏறும் இன்றைய மின்சார ரயிலையும் எடுக்க வேண்டும், மனசு வரவில்லை. வெட்டிய மூன்று அடிமரத்தை மட்டும் காட்டலாம் என்றேன் நான். "தாத்தா வந்து பாத்தா அழுதிடுவார் மாமா" என்றான். அக்கா ஒரு பக்கம், "வச்சிட்டுப் போங்களேன், யார் வந்து தேதி கேக்கப் போறாங்க" என்றாள். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் சிக்கலே.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன், போனை எடுத்துக் காட்டூரில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏரிக்கரைப் படம் ஒன்றின் ஓரத்தில், புல்லோடு புல்லாகச் சில விசிறிகள். தண்டே இல்லாமல் மண்ணிலிருந்து நேராகக் கிளம்பிய ஓலைகள். யாரோ பனங்கொட்டை ஊன்றியிருக்கிறார்கள், அல்லது விழுந்த காய் தானாக முளைத்திருக்கிறது.

"இது என்னது மாமா?"

"வடலி. சின்னப் பனை."

"இது இப்ப இருக்கறதுதானே?"

அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டான். தண்டவாளத்துக்குக் கிழக்கே, பெரியவர் விரல் வைத்த அதே கரையில், மூன்று வடலிகள். ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர். ஏரியில் குளிர்காலத்தில் வந்து இறங்கும் பூநாரையின் மாதிரி செய்தால் அதன் உயரமும் அதேதான். தோணியில் இருந்து பார்த்தால் தெரியாது.

வடலி செய்வது சுலபம். மூங்கில் குச்சி வேண்டாம், நூல் வேண்டாம், சாம்பல் வேண்டாம். ஐந்து ஓலை போதும். ஆணா பெண்ணா என்ற கேள்வியும் இல்லை. அது தெரியவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். கடுகு டப்பாவை மூடி, சமையலறையில் திரும்ப வைத்துவிட்டோம்.